ஒரே ஓவன், எட்டுப் பேருக்கு இரவு விருந்து: இலையுதிர் காலத்துப் பேக்கிங்கை எந்த வரிசையில் செய்வது?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் குடும்பத்தினர் எட்டுப் பேர் ஒன்றாக உணவருந்துகிறோம். ஆப்பிளும் பூசணியும் நன்றாக விளைந்து வரும் பருவம் என்பதால், பூசணிக்காய் சூப், கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஓவனில் வாட்டிய முழுக்கோழி, மென்மையான பன், கடைசியில் ஆப்பிள் பை (மைதா மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை வைத்து மூடிச் சுடும் இனிப்பு) என்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நன்றாகவே செய்வேன். ஆனால் என்னிடம் இருப்பது இரண்டு தட்டுகள் கொண்ட ஒரே ஓவன்தான். கோழிக்கு ஒரு சூடு, பன்னுக்கு ஒரு சூடு, பைக்கு வேறு சூடு என்று இருக்கும்போது, எதை முதலில் செய்வது, எதை முந்தைய நாளே முடித்து வைப்பது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இரண்டு செய்திகளையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். அக்கா மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மாமியாருக்குக் கடினமானவற்றை மெல்ல இயலாது. பன் ஆறிப்போய் இறுகிவிட்டால் அவர் அதைத் தொடவே மாட்டார்.

தணல் எழுதியது:

வணக்கம். உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. எட்டு மணியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிட்டு வாருங்கள். எந்தப் பதார்த்தம் ஓவனிலிருந்து வெளியே வந்த பிறகும் நேரம் கேட்கிறதோ அதுவே முதலில் உள்ளே போக வேண்டும். ஆப்பிள் பை குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் நான்கு மணி நேரம் ஆற வேண்டியது. பழத்திலேயே இருக்கும் இறுக்கும் பொருளான பெக்டினும் நீங்கள் சேர்க்கும் சோள மாவும் (கார்ன்ஃப்ளவர்) சூடு இறங்க இறங்கத்தான் சாற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. சூடாகவே வெட்டினால் எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் சாறு தட்டில் ஓடிவிடும். ஆகவே அது ஞாயிறு காலையிலேயே முடிந்துவிட வேண்டும்.

அடுத்து கோழி. எட்டுப் பேருக்கு ஒரு பெரிய கோழியைவிட ஒன்றரை கிலோ அளவில் இரண்டு கோழிகளை ஒரே தட்டில் இடைவெளி விட்டு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பெரிய கோழியில் தொடை வேகும் முன்பே நெஞ்சுக்கறி வறண்டு போவதுண்டு. 200 டிகிரி செல்சியஸில் இரண்டுக்கும் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்கும்போது 74 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்த பிறகு அரை மணி நேரம் அப்படியே விட்டால்தான் சாறு கறிக்குள்ளேயே தங்கும்.

அந்த அரை மணி நேரத்தில்தான் உங்கள் ஓவன் காலியாக இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது. பன் வேகத் தேவையானது 190 டிகிரியில் ஏறக்குறைய இருபது நிமிடம். கோழி ஓய்வெடுக்கும் நேரத்தைப் பன்னுக்குக் கொடுத்துவிட்டால், இரண்டும் மேசைக்குச் சரியான பக்குவத்தில் வந்து சேரும். ஒற்றை ஓவன் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு இடைவெளியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, சனிக்கிழமை இரவே கோழியை ஈரம் போக ஒற்றித் துடைத்து, கிலோவுக்குப் பத்து கிராம் கணக்கில் உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே இறங்கும், தோல் காய்ந்து மொறுமொறுப்பாகச் சிவக்கும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமிகள் மேடையெங்கும் பரவும், அவற்றைக் கொல்வது அடுப்பின் சூடே.

கோதுமைமணி எழுதியது:

தணல் ஐயா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். பையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஆப்பிள் பையின் அடிப்பகுதிதான் நனைந்து கூழாகிறது.

ஆப்பிளில் ஏறக்குறைய 85 விழுக்காடு நீர்தான். ஒரு பைக்கு ஒன்றரை கிலோ ஆப்பிளை நறுக்கிப் போடுகிறீர்கள் என்றால், ஒரு கிலோவுக்கும் அதிகமான நீரை மாவுக்குள் வைத்து மூடுகிறீர்கள் என்று பொருள். அதனால் நறுக்கிய துண்டுகளோடு 150 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைச் சாறு, பட்டைத்தூள் ஆகியவற்றைக் கலந்து ஒரு மணி நேரம் வடிதட்டில் வைத்துவிடுங்கள். சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். கீழே வடிந்ததைக் கொட்டிவிடாமல் சிறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டுப் பாகு போலக் குறுக்கி, அதை மீண்டும் ஆப்பிளோடு சேர்த்து, 25 கிராம் சோள மாவைத் தூவிப் புரட்டுங்கள். வாசமும் இனிப்பும் போகாது. தண்ணீர் மட்டுமே குறையும். துண்டுகளும் முன்பே சுருங்கிவிடுவதால், வெந்த பிறகு மேல்மூடிக்கும் பழத்துக்கும் இடையில் அந்தப் பெரிய வெற்றிடம் வராது. புளிப்பும் உறுதியும் உள்ள ஆப்பிளைத் தேர்ந்தெடுங்கள். மாவுபோல உதிரும் வகை இதற்கு ஆகாது.

மேலும் கீழுமாக இரண்டு அடுக்குக்கு 350 கிராம் மைதா, 225 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறக்குறைய 100 மில்லி ஐஸ் தண்ணீர். வெண்ணெய் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவுக்குள் தெரிய வேண்டும், கரைந்து மறைந்துவிடக் கூடாது. வெண்ணெயில் உள்ள நீர் ஓவனின் சூட்டில் ஆவியாகி அடுக்கடுக்காகத் தூக்கிவிடுவதால்தான் பொரபொரப்பு வருகிறது. கை சூட்டில் வெண்ணெய் உருகிவிட்டால் பிஸ்கட் போலத்தான் வரும். பிசைந்த மாவை ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு கனமான தட்டை வைத்து 220 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூடான தட்டின் மேலேயே பை பாத்திரத்தை வையுங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகு 190 டிகிரிக்குக் குறைத்து மேலும் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் விடுங்கள். மேலே நிறம் வந்ததைக் கண்டு எடுத்துவிடாதீர்கள். கீறிவிட்ட இடங்களில் சாறு கெட்டியாகி, பெரிய குமிழிகளாக, மெதுவாகக் கொப்புளிக்க வேண்டும். வேகமாகச் சிறு குமிழிகளாக வந்தால் சோள மாவு இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். மேலே கருகும் போலிருந்தால் அலுமினியத் தாளால் மூடிக்கொள்ளலாம். அக்கா மகளுக்காக, முட்டை தடவுவதற்குப் பதில் பாலாடையைத் தடவிக் கொஞ்சம் சர்க்கரை தூவுங்கள். நிறம் நன்றாகவே வரும்.

முந்தைய நாளே பையைச் சுட்டு வைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரவு முழுவதும் பழச்சாற்றோடு இருந்தால் அடிமாவு மொறுமொறுப்பை இழந்துவிடும். வேலையை முந்தைய நாள் முடிக்க நினைத்தால் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்துத் தாளுக்கிடையே ஃப்ரிட்ஜில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுவாசல் எழுதியது:

இங்கே எல்லோரும் சொல்வது சரியாக இருந்தாலும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. விருந்தினர் வந்து சேரும் ஏழரை மணிக்கு வீட்டுக்காரர் பன் வெந்ததா என்று ஓவன் முன்னால் குனிந்து நிற்பது எனக்கு ஒப்பவில்லை. குடும்ப விருந்தின் நோக்கமே சமைத்தவரும் எல்லோரோடும் உட்கார்ந்து பேசுவதுதான். பை வெந்து வெளியே வந்ததும், அதே சூட்டைச் சற்றுக் குறைத்துப் பன்னையும் காலையிலேயே சுட்டுவிடுங்கள். நன்றாக ஆறியபின் துணியில் சுற்றி மூடி வைத்து, இரவில் அலுமினியத் தாளில் பொதிந்து 180 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் வைத்தால் மீண்டும் மென்மையாகிவிடும். பன் இறுகுவதற்குக் காரணம் ஈரம் போவது மட்டுமன்று, வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி கட்டமைந்து இறுகுவதும் ஆகும். 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்த இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பன்னை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் அது மிக விரைவாக இறுகும்.

தணல் எழுதியது:

வீட்டுவாசல் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் உடன்பட முடியவில்லை. மீண்டும் சூடாக்கிய பன் மென்மையாக இருப்பது உண்மைதான். அது ஆறும்போது முதல் முறையைவிட விரைவாக இறுகும் என்பதும் அதே அளவு உண்மை. சூப்பு, கோழி, பேச்சு என்று உணவு ஒரு மணி நேரம் நீளும்போது, கடைசிப் பன்னை எடுக்கும் மாமியாரின் கைக்கு எது போய்ச் சேரும் என்பதை நினைத்துப் பாருங்கள். தவிர, பன் வேகும் வாசனையோடு வீட்டுக்குள் நுழைவதை நான் விருந்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். இருபது நிமிட வேலையில் ஓவன் முன்னால் நிற்க வேண்டிய தேவையும் இல்லை. மணி அடிக்கும்படி வைத்துவிட்டு வெளியே வந்து உட்காரலாம்.

அளவுகோல் எழுதியது:

இருவரின் கவலைக்கும் ஒரே மருந்து இருக்கிறது: மாவிலேயே கூடுதல் ஈரத்தைப் பூட்டி வைப்பது. பன்னுக்கான 500 கிராம் மைதாவிலிருந்து 30 கிராமையும், பாலிலிருந்து 150 மில்லியையும் எடுத்துச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். 65 டிகிரியை நெருங்கும்போது கூழ்போலக் கெட்டிப்படும். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடியில் கோடு நின்று தெரியும். அதுதான் பதம். வெந்த மாவுச்சத்து பச்சை மாவைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், இந்தக் கூழை ஆறவைத்துச் சேர்த்த பன் மறுநாளும் பஞ்சாக இருக்கும். மொத்தப் பால் 350 மில்லி, சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 60 கிராம், உப்பு 9 கிராம், உலர் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம். முட்டை தேவையே இல்லை. இதில் அறுபது கிராம் அளவில் பதினாறு பன் வரும், ஆளுக்கு இரண்டு.

சனிக்கிழமை இரவு பிசைந்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் மாவின் சுவை கூடும், உங்களுக்கும் நேரம் மிச்சம். ஞாயிறு மாலை குளிர்ந்த மாவை உருட்டி வைத்தால், வீட்டின் சூட்டைப் பொறுத்து இரண்டு மணி முதல் இரண்டரை மணி நேரத்தில் உப்பி வரும். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாகவும் அரைகுறையாகவும் எழும்ப வேண்டும். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் பொறுங்கள். எழவே இல்லையென்றால் தாமதிக்காமல் ஓவனுக்கு அனுப்புங்கள்.

பருவத்துக்கு ஏற்ற மணம் வேண்டும் என்று பட்டைத்தூளை மாவோடு சேர்த்துப் பிசைய நினைத்தால், அதைத் தவிர்ப்பது நல்லது. பட்டையில் உள்ள எண்ணெய் ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும். பட்டையும் சர்க்கரையும் கலந்த வெண்ணெயாகப் பன்னோடு பரிமாறினால் மணம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். திருகில் 200 என்று இருந்தாலும் உள்ளே 180ஓ 220ஓ இருப்பது வீட்டு ஓவன்களில் சர்வ சாதாரணம். நாம் இங்கே எழுதும் எண்கள் எல்லாம் விசிறி இல்லாத ஓவனுக்கானவை. விசிறியைப் போட்டால் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். மைதாவையும் கோப்பையால் அளக்காதீர்கள். அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரே கோப்பையில் 120 கிராமும் பிடிக்கும், 150 கிராமும் பிடிக்கும். அந்த வேறுபாடு பன்னைக் கல்லாக்கப் போதுமானது.

நிலாமுற்றம் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சூப்பைப் பற்றியும் ஒரு சந்தேகம். நான் பூசணியைத் துண்டாக்கித் தண்ணீரில் வேகவைத்து அரைப்பதுதான் வழக்கம். நிறம் அழகாக இருந்தாலும் சுவை நீர்த்துப்போனதாகவே தோன்றுகிறது. பாலாடை சேர்த்தாலும் ஆழம் வருவதில்லை.

கோதுமைமணி எழுதியது:

தோழி, பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். அதைத் தண்ணீரிலேயே வேகவைத்தால் இருக்கும் கொஞ்ச இனிப்பும் கரைந்து பரவிவிடுகிறது. காயை இரண்டாகப் பிளந்து, விதையை நீக்கி, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் தட்டில் படுமாறு கவிழ்த்து 200 டிகிரியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வாட்டுங்கள். தோல் சுருங்கி, கத்தி எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். தட்டில் பட்ட விளிம்புகள் பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருக்கும்; அவற்றைச் சுரண்டிச் சூப்பில் சேருங்கள், நீங்கள் தேடும் ஆழம் அதில்தான் இருக்கிறது. அதே தட்டில் ஒரு முழுப்பூண்டையும் இரண்டு வெங்காயத்தையும் சேர்த்து வாட்டிவிட்டால் தாளிக்கும் வேலையும் இல்லை. அரைத்தபின் கொஞ்சம் புளிப்பான ஆப்பிள் சாறோ எலுமிச்சையோ விட்டால் இனிப்பு திகட்டாமல் நிற்கும். ஜாதிக்காயைக் கடைசியில், பரிமாறும் முன்பு துருவுங்கள். தூளாக வாங்கி மாதக்கணக்கில் வைத்திருந்த ஜாதிக்காய்க்கும் அப்போது துருவியதற்கும் எந்த உறவும் கிடையாது.

இதைச் சனிக்கிழமையே செய்யுங்கள். சூப் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் கெட்டுப்போகாது, கூடுதல் சுவை பெறும். ஞாயிறு அன்று அதற்கு ஓவனே தேவைப்படாது, அடுப்பில் சூடாக்கினால் போதும். நீக்கிய விதைகளைக் கழுவி, நன்றாகத் துடைத்து, உப்பும் எண்ணெயும் தடவி 160 டிகிரியில் பதினைந்து, இருபது நிமிடம் வறுத்தெடுத்தால் சூப்பின் மேலே தூவிக்கொள்ளலாம். மாமியாருக்கு மட்டும் விதை தூவாமல் கொடுங்கள்.

தணல் எழுதியது:

கிழங்கு, கேரட்டைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவற்றைக் கோழியைச் சுற்றி நெருக்கி அடுக்க வேண்டாம். நெருக்கமாக இருந்தால் அவை வாட்டப்படுவதில்லை, தம் ஆவியிலேயே அவிந்து போகின்றன. தனித்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பிக் கீழே வையுங்கள். உருளைக்கிழங்கை முதலில் உப்புத் தண்ணீரில் பாதி வேகவைத்து, வடித்து, பாத்திரத்தைக் குலுக்கி விளிம்புகளைக் கரகரப்பாக்கிவிட்டுப் பிறகு எண்ணெயில் புரட்டினால், மேலே மொறுமொறுப்பும் உள்ளே மாவுப்பதமும் கிடைக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருடைய ஆலோசனையையும் சேர்த்து இவ்வாறு எழுதி ஓவனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை பூசணி, வெங்காயம், பூண்டு வாட்டுவது, விதை வறுப்பது, சூப்பை அரைத்து முடிப்பது. இரவு பன் மாவும் பை மாவும் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைப்பது, கோழிக்கு உப்புத் தடவுவது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பை ஓவனுக்குள், பத்தேகாலுக்குள் வெளியே. மாலை ஆறரை மணிக்குப் பன் உருட்டுவது. ஐந்தே முக்காலுக்குக் கோழி, ஆறேகாலுக்குக் கீழ்த்தட்டில் காய்கள், ஏழேகாலுக்குக் கோழி வெளியே, ஏழு இருபதுக்குப் பன் உள்ளே. ஏதேனும் பிசகு இருந்தால் சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். குளிர்ந்த மாவை ஆறரைக்கு உருட்டினால் ஏழு இருபதுக்குள் நிச்சயம் உப்பாது. நாலே முக்காலுக்கு உருட்டி, ஈரத்துணியால் மூடி, ஓவனுக்கு அருகில் ஆனால் அதன் மேல் வைக்காமல் விடுங்கள். கோழி தாமதமானால் பன் தட்டை ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். அரை மணி நேரம் பொறுமையாக இருக்கும். மாறாக, பன்னுக்காகக் கோழியை வேகாமல் எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

வீட்டுவாசல் எழுதியது:

தணல் அவர்களின் முறையையே நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கூழ் சேர்த்த பன் என்றால் எந்த முறையிலும் நன்றாகவே வரும். ஒரு சிறு யோசனை மட்டும். பன் வெளியே வந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஆறிய பையை உள்ளே வைத்துக் கதவை மூடிவிடுங்கள். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது இளஞ்சூடாகிவிடும். ஏற்கெனவே இறுகிய சாறு அந்த அளவுச் சூட்டில் ஓடாது.

நிலாமுற்றம் எழுதியது:

விருந்து நேற்றிரவு நிறைவாக முடிந்தது. ஏழேகாலுக்குத் தொடையில் குத்திப் பார்த்தபோது வெப்பமானி 68 டிகிரிதான் காட்டியது. கோழியை மேலும் விட்டுவிட்டு, அளவுகோல் அவர்கள் சொன்னபடி பன் தட்டை ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன். ஏழரைக்கு 75 வந்தது. எட்டு மணிக்குச் சூப்போடு அமர்ந்துவிட்டோம். சூப் முடிகின்ற நேரத்தில் பன்னும் கோழியும் ஒன்றாக மேசைக்கு வந்தன. தாமதத்தை யாரும் தாமதமாகவே உணரவில்லை. மாமியார் இரண்டாவது பன்னைப் பட்டை வெண்ணெயோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பையின் அடிப்பகுதியை மாமனார் முள்கரண்டியால் தட்டிப் பார்த்தார், சத்தம் கேட்டது.

இரண்டு துண்டு பையும், ஐந்து பன்னும், இரு கோழிகளின் எலும்புகளும் மீந்திருக்கின்றன. கறியை அன்றிரவே பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மற்றவற்றை என்ன செய்யலாம்?

கோதுமைமணி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. பன்னை இன்றே உறைநிலைப் பெட்டியில் காற்றுப் புகாத உறையில் போட்டுவிடுங்கள். உறைந்த நிலையில் அது இறுகாது, வேண்டும்போது நேராக ஓவனில் சூடாக்கலாம். பையை 175 டிகிரியில் மூடாமல் பதினைந்து நிமிடம் வைத்தால் மேல்மாவு மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் வைத்தால் பழம் கொதித்து மாவு தோல்போல ஆகிவிடும். எலும்புகளை ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலைந்து மிளகோடு தண்ணீரில் மூழ்கவிட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் மூன்று மணி நேரம் வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். அடுத்த பூசணி சூப்பைத் தண்ணீருக்குப் பதில் அதில் கரைத்துப் பாருங்கள்.